பண்ணைக்குட்டையில் விழுந்த நாய் ஏறிவர ஒரு வழி

பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையில் விழுகிற நாய் பெரும்பாலும் நன்றாகவே நீந்தும். கரையேறத்தான் முடியாது. பாசி படிந்த சரிவில் நகம் பிடிக்காமல், சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கிவிடும்.

பழைய டயர்களை நைலான் கயிற்றில் ஏணிபோலக் கோத்து, கரைமேட்டில் முளையடித்துக் கட்டி உள்ளே இறக்குங்கள். கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். அதனால் கடைசி டயர் அடிவரை போகவேண்டும். நான்கு பக்கமும் ஒவ்வொன்று. வெறும் கயிறு நாய்க்கு உதவாது. டயர்க் கம்பி நீட்டியிருந்தால் ஷீட் கிழியும், அடியில் சாக்கு விரியுங்கள். டயரில் துளை போடாவிட்டால் கொசுவும் பெருகும்.

நாய்க்கு மார்புப்பட்டை மாட்டி, ஏறும் இடத்தை முன்கூட்டியே பழக்குங்கள்.

காப்பாற்றக் குதிக்காதீர்கள், மனிதருக்கும் அதே வழுக்கல்தான். மீட்டபின் இருமலோ மூச்சிரைப்போ சில மணி நேரம் கழித்து வந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.