கட்டியக்காரன் கேட்கிற கேள்வி: பள்ளி நாடக ஒத்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். வசனம் மனப்பாடமாக இருக்கும், அதைப் பேசுகிற ஆள் மேடையில் இருக்க மாட்டான். வசனம் இல்லாமல் பாத்திரமாகவே கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிற ரோல் பிளே பயிற்சி இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அதையும் வசன ஒத்திகை மாதிரியே நடத்தி வீணாக்கிவிடுகிறோம். வேலூரில் பிள்ளைகளை வைத்து 1806-ல் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த சிப்பாய்ப் புரட்சியை நாடகமாகப் போட்டபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் தவறு, உணர்ச்சியைக் கட்டளையிடுவது. "கோபமா பேசு" என்றால் பிள்ளை புருவத்தை நெரிக்கும், கத்தும். அதற்கு மேல் எதுவும் நடக்காது. கோபம் சொல்லி வருவதில்லை. இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். 'இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று நடிகரைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. அந்தக் கேள்வி எட்டாம் வகுப்புப் பையனுக்கும் நன்றாகவே புரியும்.

அதைவிடப் பெரிய தவறு, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் நாமே சொல்வது. அன்று கோட்டையில் இருந்த சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. சிப்பாயாக நடித்த பையனின் அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. அவன் நேராகவே கேட்டான்: "தோல்தானே சார், அதுல இன்னா இருக்குது? எங்கப்பா டெய்லி அதுலதான வேல செய்றாரு?" நான் வரலாற்றை விளக்கத் தொடங்கினேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சரி என்று விளக்கத்தை விட்டுவிட்டு அவனை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தோம். அதிகாரியாக நடித்தவன் ஒன்றும் பேசாமல் ஈரத் துணியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு, ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினான். இவன் கை தானாக மேலே போய்ப் பாதியிலேயே நின்றது. "தோலு இல்ல சார். யாரைக் கேட்டு என் நெத்தியத் தொட்டான்?" என்றான் மெதுவாக. அதன்பிறகு அவனுக்குக் கோபத்தைச் சொல்லித்தர வேண்டிய வேலையே எனக்கு இருக்கவில்லை.

இந்தக் கேள்வி முறையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய அவசியம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இல்லை. நம் தெருக்கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போதே, யார், எந்த ஊர், எதற்காக வந்தாய் என்று, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் விசாரிக்கத் தொடங்கிவிடுவான். வகுப்பிலும் ஒரு பிள்ளையைக் கட்டியக்காரனாக்குங்கள். ஊரில் யார் இருக்கிறார்கள், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், பக்கத்தில் படுத்திருப்பவன் குறட்டை விடுவானா என்று கேட்கட்டும். கேள்வி எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ, பாத்திரம் அவ்வளவு சீக்கிரம் பிடிபடும்.

அப்புறம், எதிராளியைப் பொம்மையாக விட்டுவிடுவது. வெள்ளைக்காரன் என்றாலே சினிமாவில் கேட்ட உடைந்த தமிழை எடுத்துக்கொள்கிறார்கள். ஜூலை 10 விடியும் முன்பே படுக்கையிலேயே சுடப்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களும் அந்தக் கோட்டையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனையும் ஸ்டூலில் உட்கார வைத்துக் கேளுங்கள். அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்ட கில்லெஸ்பியையும் கேளுங்கள். அவர்கள் செய்தது நியாயமாகிவிடாது. ஆனால் எதிரில் நிஜ மனிதன் நின்றால்தான் நம் சிப்பாயின் துணிச்சலும் நிஜமாகத் தெரியும்.

சின்னத் தவறுகளும் உண்டு. ஆசிரியர் நடித்துக் காட்டினால் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரையே நடிப்பார்கள். நாயகனுக்கு மட்டும் பயிற்சி தந்தால் ஈட்டி பிடித்து நிற்பவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பான். ஒத்திகையில் வந்து விழுகிற நல்ல வரியை அப்போதே எழுதி வைக்காவிட்டால் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு பக்கம் சுயசரிதை எழுதச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அது வீட்டுப்பாடமாகிவிடும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அழுகை வரவேண்டும் என்பதற்காக, "உங்க வீட்ல நடந்ததை நினைச்சுக்கோ" என்று பிள்ளையின் சொந்தத் துக்கத்தைக் கிளறாதீர்கள். சிப்பாயின் துக்கத்தைத் தேட அவன் கதையே போதும்.

பாத்திரத்தைவிட்டு வெளியே கொண்டுவராமல் அனுப்பிவிடுவதும் அதே அளவு கெடுதல். எங்கள் அதிகாரியை ஒரு வாரம் பள்ளி வேனில் "துரை, துரை" என்று சீண்டியிருக்கிறார்கள். அவன் ஒத்திகைக்கு வர மறுத்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இப்போது பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நிற்கிறோம். தொப்பியையும் தலைப்பாகையையும் கழற்றி நடுவில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரையும், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். துரையாக இருந்தவன்தான் முதலில் சொல்வான்.