பெயின்ட்டைக் கடைசியாகப் பாருங்கள்: புதுப்பித்த பழைய ஜீப் வாங்கும் முன்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி, பார்க்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அழுக்கானால் கவலைப்படாத சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள் என்பதுதான். நின்றபடி பார்த்தால் பெயின்ட்தான் தெரியும். இந்த வண்டிகளின் உயிர் அடியில், மொத்த வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸில் இருக்கிறது. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நல்ல டார்ச், சின்னச் சுத்தியல், மெல்லிய காந்தம், கை துடைக்க ஒரு துணி, இவை போதும்.

இன்னொன்று. நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு மற்றதை மட்டும் பார்த்துவிட்டு, இன்ஜினுக்காக இன்னொரு நாள் போவதே நல்லது. சூடான இன்ஜின் தன் குறைகளை நன்றாக மறைத்துக்கொள்ளும்.

போவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, அந்த வண்டியின் வருடத்துக்கு எது சரி என்று படித்துவிட வேண்டும். வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரே வடிவமைப்பில் வந்த ராணுவ ஜீப்புகள். உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் வில்லிஸ் என்று விற்கப்படும் வண்டியில் பாதி ஃபோர்டாக இருக்கலாம். ரேடியேட்டருக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்துப் போட்ட ‘ப’ போல இருக்கும். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது. தகரத்தில் அடித்த முன் கிரில்லில் ஒன்பது இடைவெளி இருந்தால் ராணுவ வண்டி. ஏழு இருந்து, பின்னால் திறக்கும் கதவும் இருந்தால், 1945இல் பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ. அதற்கு ராணுவப் பச்சை அடித்து விற்பதுண்டு. சிஜே-2ஏ ஒன்றும் மட்டமான வண்டி இல்லை, நான் விரும்பும் வண்டிகளில் ஒன்று. ஆனால் அதை அதன் பெயரில்தான் வாங்க வேண்டும்.

லேண்ட் ரோவர் என்றால், 1948இல் வந்த முதல் சீரிஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 80 அங்குலம். அது பிறகு 86 ஆகி, அப்புறம் 88 ஆனது. 1958இல் சீரிஸ் 2 வந்தது. ஹெட்லைட் கிரில்லை விட்டு மட்கார்டுக்குப் போனது அறுபதுகளின் கடைசியில்தான். 1960 முதல் 1984 வரை வந்த டொயோட்டா எஃப்ஜே40-இல், எழுபதுகளின் நடுவில் 3.9 லிட்டர் இன்ஜின் போய் 4.2 லிட்டர் வந்தது. இவ்வளவு தெரிந்துகொண்டு போனாலே விற்பவர் உங்களிடம் பேசும் விதம் மாறிவிடும்.

சேஸிஸ் நம்பரை ஆவணத்தோடு ஒப்பிடும்போது தகட்டை மட்டும் நம்பாதீர்கள். பழைய மாதிரியிலேயே புதுத் தகடு அடித்துக் கிடைக்கிறது. இரும்பிலேயே பொறித்த நம்பர் உங்கள் வண்டிக்கு எந்த இடத்தில் வரும் என்று தெரிந்துகொண்டு அங்கே பாருங்கள். சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடமோ, எழுத்துகள் வரிசை கலைந்திருப்பதோ தெரிந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். இதில் மட்டும் பேரம் கிடையாது.

சரி, இப்போது கீழே படுங்கள்.

லேண்ட் ரோவர் சேஸிஸ் பெட்டி வடிவ இரும்பு. சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து தங்கிவிடும், துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே காகிதம்போல ஆகியிருக்கும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோலச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்துப்போனது மந்தமாக ‘டொக்’ என்னும். கடைசியில் இருக்கும் பின் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், இந்த மூன்றிலும் அவசரப்படாதீர்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம் போயிருந்தால் சேஸிஸே போனதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடிப்பகுதி முழுக்கப் துரு வராமல் இருக்கப் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங் புத்தம்புதிதாக, தடிமனாக அப்பியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நல்ல வேலை செய்தவர் அதைக் காட்டத்தான் ஆசைப்படுவார். வெல்டிங்கையும் படித்துப் பாருங்கள். அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பை இணைத்திருந்தால் அது பழுதுபார்த்தது. அரித்ததன் மேலேயே தகடு வைத்து ஒட்டியிருந்தால் அது மூடி மறைத்தது, உள்ளே துரு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சேஸிஸையே மாற்றி, துத்தநாகம் பூசிய புதியதைப் போட்டிருந்தால்? ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. தொழிற்சாலையில் வந்தபடியே வேண்டும் என்கிற சேகரிப்பாளருக்கு மதிப்பு குறையும். எந்தப் பக்கம் என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றியதை விற்பவர் தானாகச் சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்பதும் முக்கியம்.

பாடியில் காந்தம் எல்லா வண்டிக்கும் உதவாது. போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு இருந்த நேரம் என்பதால் லேண்ட் ரோவர் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள், அதில் காந்தம் ஒட்டாது. துரு பிடிக்காது என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் அதுதான் காரணம். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள பல்க்ஹெட் இரும்பு. மிதியடியைத் தூக்கிக் கால் வைக்கும் குழியையும், கதவுத் தூண்களின் அடியையும் விரலால் அழுத்துங்கள்.

எஃப்ஜே40 முழுக்க இரும்பு, அங்கே காந்தம்தான் உங்கள் கண். பின்பக்க மூலைகள், பின் வாசல் ஓரம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் அடியில் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். கதவுகளைத் திறந்து மூடி, சுற்றியுள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

முன் ஆக்சிலில் சக்கரம் திரும்புவதற்கான உருண்டைக் கூடு இருக்கும். லேண்ட் ரோவரில் அதன் மேல் குரோம் பூசியிருக்கும். விரலால் தடவினால் குழி குழியாகத் தட்டுப்படுகிறதா? அப்படியானால் அந்தக் குழிகள் ஆயில் சீலைக் கிழித்துவிடும், புது சீல் போட்டாலும் ஆயில் கசியும். இந்த வண்டிகளில் லேசான ஆயில் ஈரம் எனக்குப் பிரச்சினை இல்லை, சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் பிரச்சினை.

இப்போது இன்ஜின். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் குழம்போ இருந்தால் இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் வரும் ஹெட் கேஸ்கட் வரைக்கும் யோசிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றால் வால்வு சீல் அல்லது கைடு, நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஓட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சீரிஸ் 3 வருவதற்கு முந்தைய லேண்ட் ரோவர்களில் முதல் இரண்டு கியருக்கு, சத்தமில்லாமல் கியர் விழ உதவும் சின்க்ரோ கிடையாது. கரகரவென்று சத்தம் வந்தால் கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை, இரண்டு முறை கிளட்ச் மிதித்து மாற்றப் பழக வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால்தான் பயப்பட வேண்டும். ஃபோர் வீலையும், மெதுவாக அதிக இழுவையோடு போவதற்கான லோ ரேஞ்சையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள், ஆனால் தார் ரோட்டில் வேண்டாம். முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். மண் தரைதான் சரியான இடம். பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். பெடல் மெதுவாகக் கீழே போனால் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது.

மேலே வந்து பெயின்ட்டைப் பார்க்க இப்போதுதான் நேரம். கண்ணாடிபோல மின்னும் போர்க்கால ஜீப்பை நான் வாங்கமாட்டேன். ஒளி பட்டு மின்னக் கூடாது என்றுதான் அதற்கு மங்கலான பச்சை அடித்தார்கள். பளபளப்புக்காகச் செலவழித்தவர் போல்ட்டை எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றியிருப்பார், பழைய சுவிட்சையும் மீட்டரையும் தூக்கிப் போட்டிருப்பார். போனது திரும்பக் கிடைக்காது. 1966 முதல் 1977 வரை வந்த முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவில் பெரிய டயர் போட நிறையப் பேர் பின் மட்கார்டை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் வெட்டாத வண்டிக்கு இன்று தனி மதிப்பு.

என்னைப் பொறுத்தவரை வண்டிக்கு அடுத்து முக்கியமானது ஆல்பம். பாடியைக் கழற்றி வெறும் சேஸிஸாக நின்றபோது எடுத்த படங்கள், இன்ஜின் வேலையின் ரசீதுகள், கழற்றிய பழைய பாகங்கள் உள்ள பெட்டி, மூன்றையும் கேளுங்கள். உண்மையாகவே உழைத்தவர் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவார். அப்படிப்பட்டவரின் வண்டியில் சின்னக் கீறல்கள் இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை.

வாங்கியாகிவிட்டது என்றால் முதல் வாரம் ஊர் சுற்ற வேண்டாம். இன்ஜின், கியர் பாக்ஸ், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், எல்லாவற்றிலும் ஆயில் மாற்றுங்கள். கியர் ஆயிலை மேனுவல் பார்த்து வாங்குங்கள், ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு உள்ள சில ஆயில்கள் பழைய கியர் பாக்ஸில் உள்ள பித்தளைப் பாகங்களை அரிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1208 என்றால் 2008ஆம் வருடத்தின் 12ஆவது வாரம். டயரின் கோடுகள் (பள்ளங்கள்) தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் வேகமாகப் போகாதீர்கள். ஸ்பிரிங் புதிதாக மாட்டியிருந்தால் அதை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். அப்போது வண்டியைச் சமதளத்தில், தன் எடையில் நிறுத்தி, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு நான்கு நட்டையும் எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.