எகிப்தியக் கலையின் தாக்கம்: எங்கே தவறுகிறோம்?

கூம்பாக எதைக் கண்டாலும் "எகிப்து" என்று சொல்லிவிடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். மெக்சிகோவின் தியோத்திவாக்கான் பிரமிடுகளுக்கும் எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. கல்லை உயர அடுக்க நினைப்பவர் எவரும் அடியை அகலமாகத்தான் வைப்பார். சூடானின் மெரோவே பிரமிடுகள் அப்படியல்ல. ஒரு காலத்தில் எகிப்தையே ஆண்டு, அதன் தெய்வங்களை வணங்கிய குஷ் அரச மரபு எழுப்பியவை அவை. யார் பார்த்தார்கள், எந்த வழியாக வந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதைத் தாக்கம் எனலாம்.

வழி தெரிந்ததும் "அப்படியே நகல்" என்று முடித்துவிடுவது இன்னொரு தவறு. என்னை மிகவும் வருத்துவது இதுதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கிரேக்க இளைஞனின் பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. இடது கால் முன்னே, கைகள் தொடையோரம், விரல்கள் மடங்கி, பார்வை நேராக: எகிப்தியச் சிலைகள் நிற்கும் அதே நிலை. ஆனால் எகிப்தியச் சிற்பி வழக்கமாகச் சிலையின் முதுகோடு ஒட்டி விட்டுவைக்கும் கல்தூண் இதில் இல்லை. கால்களுக்கு நடுவிலும் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும் கல்லைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். உடலில் ஆடையும் இல்லை. அந்த இடைவெளிகளில்தான் கிரேக்கச் சிற்பம் தன் வழியில் நடக்கத் தொடங்குகிறது. அவற்றைப் பார்க்காமல் ஒற்றுமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிக் கதை போய்விடும்.

எகிப்தியச் சித்திர எழுத்து இருந்தாலே பாரோ எனும் பண்டைய எகிப்திய மன்னர்கள் காலத்தது என்று நம்பிவிடாதீர்கள். ரோமின் நவோனா சதுக்கத்தில், சிற்பி பெர்னினியின் நீரூற்றுக்கு மேலே நிற்கும் ஒபெலிஸ்க் எனும் கூர்முனைத் தூணின் கல் எகிப்தின் அசுவானிலிருந்து வந்தது. அதன் எழுத்துகள் புகழ்வதோ கி.பி. 1ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் தொமிஷியனை! பெயர்களும் ஏமாற்றும். லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள 'கிளியோபாட்ராவின் ஊசி' எனப்படும் ஒபெலிஸ்க்குகளைச் செதுக்கச் செய்தவர், அவளுக்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் முந்தைய பாரோ மூன்றாம் துட்மோஸ்.

சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவில், பண்டைய எகிப்தில் நடக்கும் கதையைச் சொல்லும் 'ஐடா' இசைநாடகம் அரங்கேறியதாக இன்றும் எழுதுகிறார்கள். கால்வாய் திறந்தது 1869. கெய்ரோவில் ஐடா மேடையேறியது 1871 டிசம்பர் 24. அதேபோல, எகிப்து மோகம் 1922இல் பாரோ துட்டன்காமூனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதோடு தொடங்கவில்லை. நெப்போலியன் படையெடுப்புடன் 1798இல் சென்ற அறிஞர்கள் வரைந்த சித்திரங்கள் ஐரோப்பியக் கட்டடங்களையும் மேசை நாற்காலிகளையும் அதற்கு வெகு முன்பே மாற்றியிருந்தன.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது எகிப்தியர்களே. எகிப்தியச் சிற்பி மஹ்மூத் முக்தாரின் 'எகிப்தின் எழுச்சி' சிலை 1928இல் கெய்ரோவில் திறக்கப்பட்டது. இளஞ்சிவப்புக் கருங்கல்லில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒரு ஸ்பிங்க்ஸ் முன்னங்கால்களை ஊன்றி எழுகிறது. அருகில் ஒரு கிராமத்துப் பெண் ஒரு கையை அதன் தலைமேல் வைத்து, மறு கையால் தன் முகத்திரையை விலக்குகிறாள்.