டைப் கிளாஸ்களைச் சேர்க்கும்போது காணாமல் போகும் மாங்காய் லோடு

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக் கணக்கை ஹாஸ்கெல் (Haskell) என்ற நிரல்மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். லோடு என்று ஒரு டைப், அதாவது தரவு வகை. அதில் விவசாயி பெயர், ரகம், எடை. சமமா என்று பார்க்க ஈக்யூ (Eq), வரிசைப்படுத்த ஆர்டு (Ord), திரையில் காட்ட ஷோ (Show) என மூன்று டைப் கிளாஸ்கள் வேண்டும். ஒரு டைப்பை வைத்து என்னென்ன செய்யலாம் என்று சொல்பவை இவை. தனித்தனியாக எழுதுவது எளிது. சேரும் இடத்தில்தான் சறுக்கும்.

பெரிய தவறு இதுதான். ஈக்யூவை, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரையே எழுதவிட்டால் அது எல்லா விவரங்களையும் ஒப்பிடும். ஆர்டை மட்டும் எடையை வைத்து நாமே எழுதிவிடுவோம். கம்பைலர் வாயே திறக்காது. ஆர்டுக்கு முன் ஈக்யூ இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காது. அப்புறம் லோடுகளை ஒரு செட்டில் (Set), அதாவது ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத தொகுப்பில் போடுகிறோம். செட் நம்புவது ஆர்டை மட்டுமே. பர்கூர்க்காரரின் 800 கிலோ பெங்களூராவும் போச்சம்பள்ளிக்காரரின் 800 கிலோ செந்தூராவும் அதற்கு ஒன்றுதான். பிந்தி நுழைந்தது முந்தியதை அழித்துவிடும். பிழைச் செய்தி கிடையாது. ஒரு விவசாயிக்குச் சேரவேண்டிய பணம் மட்டும் கணக்கில் இருக்காது. நிரல் நின்றுபோவதைவிட இது மோசம்.

ஆர்டையும் கம்பைலரிடமே விடுங்கள். எடைப்படி அடுக்க வேண்டிய இடத்தில், நாம் சொல்லும் விவரத்தை வைத்து அடுக்கும் சார்ட்ஆன் (sortOn) ஃபங்ஷன் போதும். ஒருவரே ஒரே ரகத்தில், ஒரே எடையில் இரண்டு லோடு கொண்டுவரலாம் என்பதால் ரசீது எண்ணையும் டைப்பில் வைத்துவிடுங்கள்.

மோனாய்டு (Monoid) என்ற டைப் கிளாஸில் வேறு சிக்கல். இரண்டு மதிப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது செமிகுரூப் (Semigroup); அதோடு ஒரு வெற்று மதிப்பும் இருந்தால் மோனாய்டு. 2018இல் வந்த ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி (GHC) 8.4 முதல் செமிகுரூப் இல்லாமல் மோனாய்டு எழுத முடியாது. பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் இங்கே நிற்கும். நல்லவேளை, இதை கம்பைலரே சொல்லிவிடும்.

வரிசைப்படுத்த மட்டுமே செய்யும் ஃபங்ஷனுக்கு ஆர்டு, ஷோ, எண் கணக்குக்கான ‘நம்’ (Num) ஆகிய மூன்றையும் கேட்பதும் வேண்டாம். கேட்கக் கேட்க அதைப் பயன்படுத்தும் இடங்கள் குறையும்.

கடைசியாக, ஸ்டேட்டையும் (இதுவரை பதிந்த கணக்கு) பிழையையும் சேர்க்கும் வரிசை. பிழையைச் சுமக்கும் ஈதருக்கு (Either) மேல், ஸ்டேட்டைச் சுமக்கும் ஸ்டேட்டியை (StateT) அடுக்கினால், 40 லோடு பதிந்து 41ஆவதில் பிழை வந்ததும் அந்த 40உம் போய்விடும். ஸ்டேட்டுக்கு (State) மேல், பிழையைச் சுமக்கும் எக்ஸெப்ட்டியை (ExceptT) அடுக்கினால் அவை நிற்கும். ஃபங்ஷனின் டைப்பில் மோனாட்ஸ்டேட் (MonadState), மோனாட்எரர் (MonadError) என்ற டைப் கிளாஸ்களை மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. மண்டிக் கணக்குக்கு இரண்டாவது அடுக்குதான் சரி என்பேன். எடை போட்டு இறக்கிய மாங்காய் லாரிக்குத் திரும்பிப் போகாது.