எடிட்டிங் மென்பொருள் மாறும்போது மீடியா கைவிட்டுப் போகாமல் இருக்க

பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டியதை டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக எக்ஸ்எம்எல் கோப்பு எடுக்கிறோம் இல்லையா, அந்தக் கோப்பில் ஒரு ஃபிரேம் வீடியோகூடக் கிடையாது. எந்தக் கோப்பு, எந்த டைம்கோடிலிருந்து (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் எண்) எதுவரை, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற விவரம்தான் எழுத்தாக இருக்கும். புது மென்பொருள் அதைப் படித்துவிட்டு டிஸ்கில் தேடத் தொடங்கும். பெயர், டைம்கோடு, ஃபிரேம் ரேட் மூன்றில் ஒன்று பிசகினாலும் ‘மீடியா ஆஃப்லைன்’ (கோப்பு கிடைக்கவில்லை) என்று வரும். அதைவிட மோசம், தவறான ஷாட் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

பெயரை எடிட் தொடங்கும் முன்பே சரிசெய்யுங்கள். இரண்டு மெமரி கார்டிலும் ‘C0001’ என்ற கோப்பு இருந்தால் எது எதனுடையது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ‘Day1_Cam1_C0001’ போல ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். அடிக்கோடு தவிர வேறு சிறப்புக் குறிகள் வேண்டாம். எடிட்டின் நடுவில் பெயர் மாற்றினால் பழைய ப்ராஜெக்ட்டிலும் இணைப்பு அறுந்துவிடும்.

அதிகம் படுத்துவது ஃபிரேம் ரேட்தான். மொபைலில் எடுத்ததும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் இருக்கும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோடு ‘வேரியபிள்’ என்று காட்டுகிறதா பாருங்கள். அப்படியானால் வெட்டுவதற்கு முன்பே நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் இந்தக் கோப்பை ஒவ்வொரு விதமாக எண்ணுவதால், இங்கே உதட்டோடு பொருந்திய குரல் அங்கே விலகும். 23.976-ம் 24-ம் ஒன்றல்ல: ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி வித்தியாசம். ரிசால்வில் மீடியாவை உள்ளே எடுத்தபின் ப்ராஜெக்ட்டின் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது; காலி ப்ராஜெக்ட்டிலேயே அமைத்துவிடுங்கள்.

அதிகம் சுருக்கப்பட்ட ஹெச்.264, ஹெச்.265 கோப்புகளை எடிட்டிங்குக்கான ப்ரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றினால் எங்கும் ஓடும். 10 பிட் (நிறப்படிகள் நுணுக்கமாக உள்ள) ஃபுட்டேஜுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் ஹெச்கியூஎக்ஸ் எடுங்கள். ஹெச்கியூ 8 பிட்தான், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். இடம் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்: 1080பி, 29.97 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 மணிக்குச் சுமார் 66 ஜிபி. மாற்றியபின் மூலக் கோப்பின் டைம்கோடு அப்படியே வந்திருக்கிறதா என்று ஒரு கோப்பிலாவது பாருங்கள். சில கருவிகள் அதை 00:00:00:00 ஆக்கிவிடும், பிறகு எதுவும் இணையாது. ஆடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் போதும்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன் டைம்லைனை நகலெடுத்து, நகலில் நெஸ்ட்டை (பல கிளிப்பை ஒன்றாக அடைத்த தொகுப்பை) அவிழுங்கள், தேவையில்லாத டிராக்கை நீக்குங்கள். ஸ்பீடு ராம்ப் (ஷாட்டின் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவது), பிளக்இன் எஃபெக்ட், டைட்டில் ஆகியவை ஒழுங்காகப் போகும் என்று நம்பாதீர்கள். அந்த ஷாட்டுகளை மட்டும் ப்ரோரெஸில் ரெண்டர் செய்து வைப்பது நல்லது. பிரீமியர் எழுதுவது பழைய ஃபைனல் கட் 7 எக்ஸ்எம்எல். இன்றைய ஃபைனல் கட் புரோ அதைப் படிக்காது. முதலில் ரிசால்வில் இறக்கி, அங்கிருந்து ஃபைனல் கட் புரோ படிக்கும் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் ஆக எடுத்தால் வேலை நடக்கும். வெட்டுப் பட்டியலை மட்டும் கொண்ட எளிய இடிஎல் கோப்பில் ஒரே ஒரு வீடியோ டிராக்தான் போகும். ஒலிக்கலவைக்கு ஏஏஎஃப் கோப்பு எடுங்கள், வெட்டின் இரு பக்கமும் 2 நொடி ஹேண்டிலோடு (கூடுதல் ஒலியோடு).

ரிசால்வில் மீடியாவை முதலில் மீடியா பூலில் (ப்ராஜெக்ட்டின் கோப்புத் தொகுப்பில்) போட்டுவிட்டு, எக்ஸ்எம்எல் இம்போர்ட்டில் ‘சோர்ஸ் கிளிப்பைத் தானாக இம்போர்ட் செய்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எம்பி4 எம்ஓவி ஆக மாறியிருந்தால் கோப்பு நீட்டிப்பைப் பொருட்படுத்தாதே என்ற டிக் உதவும்.

கடைசியாக ஒரு சோதனை: பழைய மென்பொருளில் முழுப் படத்தையும் டைம்கோடு பதித்து ஒரே வீடியோ கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புது டைம்லைனின் மேல் டிராக்கில் வைத்து, பிளெண்ட் மோடை ‘டிஃபரன்ஸ்’ (இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டுவது) ஆக்குங்கள். டைம்கோடு எண் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருந்தால் கட் பொருந்துகிறது. லேசான புள்ளிகள் கம்ப்ரெஷனால் வருபவை, விட்டுவிடலாம். உருவங்களின் விளிம்பு கோடு கோடாகத் தெரிந்தால் ஷாட் ஒரு ஃபிரேமாவது நகர்ந்திருக்கலாம். ஷாட்டின் அளவோ இடமோ மாறியிருந்தாலும் இப்படித் தெரியும். ஒரு ஃபிரேம் தள்ளிப் பார்த்தால் எது என்று புரிந்துவிடும்.