மெட்டு வந்தாச்சு, இனி எந்த சாஃப்ட்வேரைத் திறப்பது?

பாளையங்கோட்டையில் எங்கள் சபை கொயருக்கு ஒவ்வொரு டிசம்பருக்கும் ஒரு புது கேரல் எழுதிக் கொடுப்பேன். நாலு குரல், கூட ஒரு கீபோர்டு. இப்போது எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மியூஸ்ஸ்கோர்ல எழுதணுமா, நேரா ரீப்பர்ல பதியணுமா?" மியூஸ்ஸ்கோர் சுரத்தைத் தாளில் எழுத உதவும் சாஃப்ட்வேர், ரீப்பர் ஒலியைப் பதிந்து மிக்ஸ் செய்யும் சாஃப்ட்வேர். ரெண்டும் வேண்டும். சுரம் முடிவாவது மியூஸ்ஸ்கோரில், சத்தம் முடிவாவது ரீப்பரில். இந்த எல்லையைக் கலக்காமல் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

மெட்டு தோன்றியதும் கம்ப்யூட்டர் பக்கம் போகாதீர்கள். போனில் பாடிப் பதிந்து, ஃபைலுக்கு "நட்சத்திரம், ஜி மேஜர், 6/8" என்கிற மாதிரி பெயர் வையுங்கள். பெயர் இல்லாத பதிவை மூன்று மாதம் கழித்துக் கேட்டால், நாம் பாடியது நமக்கே புரியாது.

மியூஸ்ஸ்கோர் இலவசம். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அதன் சத்தமும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. நாலு குரலும் பியானோவும் உள்ள டெம்ப்ளேட்டை எடுத்து, 'என்' விசையை அழுத்தினால் எழுதத் தொடங்கலாம். சுரத்தின் நீளத்துக்கு எண் விசைகள்: 4 அரைக்கால் சுரம், 5 கால் சுரம், 6 அரைச் சுரம். நான் சோப்ரானோ முடிந்த கையோடு பேஸை எழுதிவிடுவேன். மேலும் கீழும் சரியாக நின்றால் நடுக் குரல்களான ஆல்ட்டோவும் டெனரும் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். டெனர் வரியின் தொடக்கத்தில், அடியில் 8 போட்ட டிரெபிள் கிளெஃப் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிளேபேக்கில் ஆண்கள் ஒரு ஆக்டேவ் மேலே பாடுவார்கள்.

அப்புறம் பாட்டு வரி. கண்ட்ரோலும் எல்லும் அழுத்தி, ஒவ்வொரு அசைக்கும் நடுவே ஹைஃபன் தட்டுங்கள். தமிழில் புள்ளி வைத்த எழுத்து முன்னால் உள்ள அசையோடுதான் ஒட்ட வேண்டும்: நட்-சத்-தி-ரம். சிலர் 'ந-ட்-ச' என்று தனித்தனியாக உடைத்து, 'ட்'டுக்கு ஒரு சுரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அதை யார் எப்படிப் பாடுவது? எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பாட்டு வரியின் ஃபான்ட்டை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றுங்கள்.

இனி மிடி ஃபைலாக (ஒலி இல்லாமல், எந்தச் சுரம் எப்போது எவ்வளவு நேரம் என்ற தகவல் மட்டும் உள்ள ஃபைல்) எடுத்து ரீப்பரில் செருகுங்கள். டிராக்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கவா, டெம்போவையும் சேர்த்து எடுக்கவா என்று கேட்கும். ரெண்டுக்கும் சரி சொல்லுங்கள். டெம்போவை விட்டுவிட்டால் கடைசி வரியில் வேகம் குறையும் இடத்தில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். ரிப்பீட் உள்ள பாட்டு மிடியில் நீளமாக விரிந்துவிடுவதால் தாளில் உள்ள பார் எண்ணும் ரீப்பரில் உள்ளதும் ஒத்துவராது. ஒவ்வொரு சரணத்தின் தொடக்கத்திலும் 'எம்' அழுத்தி மார்க்கர் வைத்து, தாளில் உள்ள எண்ணை அதில் எழுதிவிடுங்கள்.

குரல் பதியும்போது பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிள். சாம்பிள் ரேட் நொடிக்கு 48,000 என்றால் அந்த பஃபரால் வரும் தாமதம் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. மிக்ஸிங் சமயத்தில் 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன் வேண்டும், இல்லாவிட்டால் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், என்ன செய்வது.

ஒரு வருடம் ராத்திரி ரீப்பரில் உட்கார்ந்திருந்தபோது, ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று இறங்கிய ஆல்ட்டோவின் நடுச் சுரத்தை எஃப் நேச்சுரலாக்கினேன். அடுத்து வரும் சி கார்டுக்கு அழகாக இழுத்துக்கொண்டு போனது. பயிற்சி ஆடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், தாளைத் திருத்த மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் தாள் பார்த்த அக்காமார் ஒரு சுரம், ஆடியோ கேட்டுப் படித்த பிள்ளைகள் ஒரு சுரம். ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு சுரம் மாறினாலும் மியூஸ்ஸ்கோரில் மாற்றி, அந்தக் குரலை மட்டும் மறுபடி மிடியாக எடுத்து, ரீப்பரில் பழையதை நீக்கிவிட்டு வைக்கிறேன். ஐந்து நிமிட வேலை.

முடிந்ததும் பிடிஎஃப், மியூசிக்எக்ஸ்எம்எல் என்று ரெண்டு பிரதி எடுத்து வையுங்கள். 1988இல் வந்த ஃபினாலே என்ற சுரம் எழுதும் சாஃப்ட்வேரையே 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் இருந்தால் வேறு நொட்டேஷன் சாஃப்ட்வேரிலும் திறக்கலாம்.