நாய்க்குப் பேசும் பட்டன்: முதல் வார்த்தை வரைக்கும்

பேச்சு வராத குழந்தைகளுக்காக ஏற்கெனவே இருந்த கருவிதான் இந்தப் பேசும் பட்டன். அமுக்கினால், நாம் பதிந்து வைத்த சொல்லை ஒலிக்கும். 2018இல் அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் கிறிஸ்டினா ஹங்கர் தன் நாய் ஸ்டெல்லாவுக்கு இதை வைத்துப் பார்த்த பிறகு நாய் வளர்ப்பவர்களிடம் பரவியது. பட்டன் வாங்கிப் போட்டும் நாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் படி 4ஐ மட்டுமாவது படியுங்கள்.

படி 1: பட்டன்

இரண்டு போதும். இருபது கொண்ட பெட்டி முதல் நாளே வேண்டாம். ஏஏஏ பேட்டரி போடும் வகையாக, பேட்டரி மூடி திருகாணியால் மூடியதாக இருக்கட்டும். காசு வடிவ பேட்டரி போடும் வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடிக்கிற நாய் அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும், உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போது நடுவில் அமுக்கிப் பார்க்காதீர்கள், ஓரத்தில் அமுக்கிப் பாருங்கள். நாயின் பாதம் பெரும்பாலும் ஓரத்தில்தான் விழும். மட்டமான பட்டன்கள் ஓரத்தில் அமுக்கினால் சாய்ந்து சிக்கிக்கொள்ளும், சத்தம் வராது. சின்ன நாய் என்றால் சுண்டுவிரலால் அமுங்க வேண்டும்.

படி 2: சொல்லும் பதிவும்

முதல் சொல் சாப்பாடாக இருக்கவே கூடாது. நாளுக்கு ஐம்பது முறை அமுக்கும், உங்களால் ஐம்பது முறை கொடுக்க முடியாது. கொடுக்காமல் விட்டால் பட்டன் பொய் என்று நாய் முடிவு கட்டிவிடும். "வெளியே" நல்ல தொடக்கம். ஒரு நாளில் பல முறை நடக்கும், உடனே செய்ய முடியும், செய்ததும் முடிந்துவிடும்.

தமிழில் பேசும் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா "வெளில போலாமா" என்பார், அப்பா "வெளிய வா" என்பார், பையன் "வாக்கிங்" என்பான். நாய்க்கு இவை மூன்று ஒலிகள். வினைச்சொல் இன்னும் மோசம்: விளையாடலாமா, விளையாடு, விளையாடுறியா என்று சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் வால் மாறாத பெயர்ச்சொல்லாக எடுங்கள். "விளையாடு" வேண்டாம், "பந்து" என்று வையுங்கள். "தண்ணீர்" வேண்டாம், வாயில் வருகிற "தண்ணி"யே போதும். எதுவானாலும் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு சாண் தள்ளி, சாதாரணமாகப் பேசும் குரலில் சொல்லுங்கள். பீப் அடித்து அரை நொடி விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் "வெளியே" என்பது "ளியே" என்று பதிவாகும். பேட்டரியைக் கழற்றினால் சில பட்டன்களில் பதிவு அழிந்துவிடும். வாங்கிய அன்றே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 3: இடம்

கதவுக்குப் பக்கத்தில், கதவு திறந்தால் இடிக்காத பக்கமாக, வழுக்காத விரிப்பில் ஒட்டுப்பட்டி போட்டு ஒட்டுங்கள். பட்டன் நகர்ந்தால் நாய் பயந்துவிடும். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாய் பெரும்பாலும் அடையாளம் பிடிக்கிறது. ஆகவே கூட்டும்போது தூக்கினால் அதே இடத்தில் திரும்ப வையுங்கள். நிறம் பார்த்து வாங்க மெனக்கெட வேண்டாம். நாய்க்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே ஒட்டும் படமெல்லாம் நமக்காகத்தான்.

படி 4: அமுக்க வேண்டியது நீங்கள்

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. நாயின் காலைப் பிடித்து அமுக்க வைக்காதீர்கள். பட்டன்மேல் பிஸ்கட் வைத்து ஆசை காட்டாதீர்கள். அப்படிச் செய்தால் "வெளியே" என்ற பட்டனுக்கு "பிஸ்கட்" என்ற அர்த்தம் வந்துவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வரிசை இதுதான்: வாயால் சொல்லுங்கள், பட்டனை அமுக்குங்கள், உடனே கதவைத் திறங்கள். கழுத்துவார் எங்கே வருகிறது? எல்லாவற்றுக்கும் பிறகு. பலர் வாரை எடுத்து மாட்டி, செருப்பைப் போட்டுவிட்டு, அப்புறம் பட்டனை அமுக்குகிறார்கள். வார் சத்தம் கேட்டபோதே நாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒலிக்கும் பட்டன் புதிதாக எதையும் சொல்வதில்லை, அதனால் காதில் வாங்குவதும் இல்லை. மாதக்கணக்கில் அமுக்கியும் பலனில்லாத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாரைச் சட்டைப்பையில் ஒளித்து வையுங்கள், பட்டன்தான் முதல் செய்தியாக இருக்கட்டும்.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு காத்திருப்பு. நாய் கதவருகே போய் நிற்கும்போது பட்டன் பக்கம் நீங்களும் போய் நின்று, வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள். "அமுக்கு, அமுக்கு" என்று சொல்லக் கூடாது. நாய் உங்களைப் பார்க்கும், பட்டனைப் பார்க்கும், மோந்து பார்க்கும், ஒரு காலைத் தூக்கிப் பாதியில் நிறுத்தும். அந்தப் பாதித் தூக்கலில்தான் பலரும் அவசரப்பட்டு "ஆமா, ஆமா!" என்று கத்திக் கெடுக்கிறார்கள். பேசாமல் இருங்கள். பதினைந்தும் முடிந்து ஒன்றும் நடக்கவில்லையா, நீங்களே அமுக்கிவிட்டு வெளியே கூட்டிப் போங்கள். கோபம் வேண்டாம்.

சில நாய்க்குச் சில நாள், சில நாய்க்கு இரண்டு மூன்று மாதம்.

படி 5: முதல் அமுக்கல்

தவறி மிதித்ததாக இருந்தாலும் உடனே கதவைத் திறங்கள். தட்டிக்கொடுப்பது, வீடியோ எடுப்பது எல்லாம் அப்புறம். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு அமுக்கலுக்கும் பலன் கிடைக்க வேண்டும். அதன் பிறகு "இப்ப இல்ல" என்று வாயால் சொல்லலாம்.

இரண்டாவது பட்டனை எப்போது வைப்பது? நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் நாய் தானாகப் போய் முதலாவதை அமுக்கும் நிலை வந்த பிறகு.

உண்மையிலேயே புரிகிறதா?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கியது. கேட்பவரின் உடலசைவைப் பார்த்துத்தான் விடை சொல்கிறது என்று 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் காட்டினார். உங்கள் நாயும் உங்கள் கண்ணைப் படிக்கலாம். சோதிக்க எளிய வழி: நீங்கள் வேறு அறையில் இருங்கள், வாரும் பந்தும் கண்ணில் படாமல் இருக்கட்டும், வேறொருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அமுக்கட்டும். "வெளியே"வுக்குக் கதவுக்கும் "பந்து"க்குப் பந்துக்கூடைக்கும் நாய் போனால் சரி. 2024இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ குழுவினரும் இதே கேள்வியைச் சோதித்தார்கள். வீட்டுக்காரர் அமுக்கினாலும் முன்பின் தெரியாதவர் அமுக்கினாலும் வெளியே, விளையாட்டு சார்ந்த சொற்களுக்கு நாய்கள் பொருத்தமாகவே நடந்துகொண்டன. அதற்காக நாய் வாக்கியம் அமைக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "அன்பு" என்று பட்டன் வைப்பதும் வீண். அமுக்கினால் என்ன நடக்கும் என்று நாய்க்குக் காட்ட முடியாத சொல் அது.

பிறகு சேர்த்தது

பட்டனின் 'டிக்' சத்தத்துக்கே மிரளும் நாய் என்றால், இரண்டு மூன்று நாள் மடித்த துண்டுக்கு அடியில் வைத்து அமுக்குங்கள். பிறகு துண்டை ஒவ்வொரு மடிப்பாகக் குறையுங்கள்.

ராத்திரி முழுக்க "வெளியே" அமுக்குகிறதா? பட்டனைப் பிடுங்கி வைக்கும் முன் வெளியே கூட்டிப் போய் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். அடிக்கடி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ போகவே முடியாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.